எஃப்11 கேட்கவில்லை, எஸ்கேப்பும் கேட்கவில்லை: முழுத்திரையிலிருந்து மவுஸால் வெளியே வந்த பதிவு

நிலைமை இதுதான். விண்டோஸ் 11 போட்ட ஒரு மடிக்கணினி. குரோமில் ஒரு பக்கம் முழுத்திரையில் நிற்கிறது. மேலே டேப்கள் இல்லை, முகவரிப் பட்டை இல்லை, கீழே டாஸ்க்பாரும் இல்லை. எஃப்11 அழுத்தினால் திரையின் வெளிச்சம் மாறுகிறது, வேறொன்றும் நடக்கவில்லை. எஸ்கேப்புக்கு அசைவே இல்லை. ஆல்ட்+எஃப்4, கண்ட்ரோல்+டபிள்யூ, விண்டோஸ் கீ என்று தெரிந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தாயிற்று. திரை அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவார்கள். நான் அதைச் செய்யாததற்குக் காரணம், அந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் நிரப்பிய நீண்ட படிவம் ஒன்று இருந்தது. அணைத்தால் அத்தனையும் போய்விடும். அதனால் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டேன். முதலில் கீபோர்டை நம்பாமல் வெளியே வருவது. அப்புறம் கீபோர்டு ஏன் கேட்கவில்லை என்று பார்ப்பது. வெளியே வருவதற்காகவே கீபோர்டைச் சரிசெய்ய முயன்றால் இரண்டும் குழம்பிவிடும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: கணினியே உறைந்துவிட்டதா, இல்லை கீபோர்டு மட்டும் எட்டவில்லையா? மவுஸ் அம்பு நகர்வதை வைத்து முடிவு கட்டக் கூடாது. நிரல் உறைந்து போனாலும் அம்பு நகரும், ஏனென்றால் அதை நகர்த்துவது விண்டோஸ். பக்கத்தை உருட்டிப் பார்க்க வேண்டும், ஒரு இணைப்பின் மேல் அம்பைக் கொண்டுபோனால் அது கை வடிவமாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே இரண்டும் நடந்தன. ஆக, குரோம் உயிரோடுதான் இருக்கிறது. நான் தட்டுவதுதான் அதற்குப் போய்ச் சேரவில்லை.

வெளியே வந்தது மிக எளிதாக. அம்பைத் திரையின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோய் நடுப்பகுதியில் அழுத்தமாக நிறுத்தினேன். சற்று நேரத்தில் பெருக்கல் குறி போட்ட ஒரு வட்டமான பட்டன் மேலிருந்து இறங்கியது. அதைச் சொடுக்கியதும் டேப்கள் திரும்பி வந்தன. படிவமும் எழுதியது எழுதியபடியே இருந்தது. அந்தப் பெருக்கல் குறி பக்கத்தை மூடாது, முழுத்திரையை மட்டும் விலக்கும். மூடிவிடுமோ என்ற பயத்தில் அதைச் சொடுக்காமல் விடுகிறவர்கள் உண்டு, பயப்பட வேண்டாம்.

மற்ற பிரவுசர்களிலும் மேல் விளிம்புதான் வழி, தோற்றம் மட்டும் வேறு. பயர்பாக்ஸில் முழுக் கருவிப்பட்டையும் கீழே இறங்கும். அதன் வலது ஓரத்தில் சாளரத்துக்கான பட்டன்கள் இருக்கும், நடுவில் இருப்பதைச் சொடுக்கினால் போதும். எட்ஜிலும் மேலே போனால் பட்டை இறங்கும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இதில் ஒரு தொல்லை உண்டு. கீழ்த்திரையின் மேல் விளிம்பில் அம்பு நிற்காது, நேரே மேல்திரைக்குத் தாவிவிடும். அப்போது அம்பை மெதுவாக நகர்த்தி விளிம்பின் ஓரத்திலேயே பிடித்து வைக்க வேண்டும். அதுவும் ஆகவில்லையென்றால் பக்கத்தின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கு செய்யுங்கள். குரோமில் முழுத்திரையில் இருக்கும்போது வரும் பட்டியலில், முழுத்திரையை விட்டு வெளியேறுவதற்கென்றே ஒரு வரி இருக்கும்.

படிவத்தை முதலில் சேமித்துவிட்டுக் கீபோர்டுக்கு வந்தேன்.

மவுஸாலேயே நோட்பேடைத் திறந்து தட்டிப் பார்த்தேன். எழுத்து எதுவும் விழவில்லை. ஒரு கீயை அப்படியே அழுத்திப் பிடித்தபோது மட்டும், கொஞ்சம் தாமதித்து, எழுத்து விழுந்தது. எல்லாக் கீகளும் இப்படியே. வழக்கமாகத் தட்டினால் ஒன்றும் இல்லை, பிடித்தால் உண்டு. கீபோர்டு பழுதானால் இப்படி ஆகாது. பழுதென்றால் சில கீகள் செத்துப்போகும், அல்லது ஒரு வரிசை முழுக்கப் போகும், இல்லாவிட்டால் தானாக எழுத்துகள் கொட்டும். எல்லாக் கீகளும் ஒரே அளவு தாமதத்தோடு வேலை செய்கின்றன என்றால் அது யாரோ போட்டுவைத்த அமைப்பு.

கையில் இன்னொரு யூஎஸ்பி கீபோர்டு இருந்ததால் அதையும் செருகினேன். மடிக்கணினியின் சொந்தக் கீபோர்டு இருக்கும்போதே இரண்டாவதைச் செருகலாம், எதையும் அணைக்க வேண்டியதில்லை. அதிலும் அதே தாமதம்தான். இந்தச் சோதனையை எல்லோருக்கும் சொல்வேன். இரண்டாவது கீபோர்டு நன்றாக வேலை செய்தால் பழுது முதலாவதில் இருக்கிறது, இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் கோளாறு விண்டோஸ் அமைப்பில் இருக்கிறது. திருகு கழற்றி மடிக்கணினியைப் பிரிப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

அமைப்பின் பெயர் ஃபில்டர் கீஸ். செட்டிங்ஸ், ஆக்ஸசபிலிட்டி, கீபோர்டு என்று போனால் அங்கே இருக்கும். இங்கே அது போடப்பட்டிருந்தது. வலப்பக்க ஷிப்ட் கீயை 8 விநாடி தொடர்ந்து பிடித்தால் விண்டோஸ் இதைப் போடலாமா என்று கேட்கும். அந்தப் பெட்டியைப் படிக்காமல் எண்டர் தட்டினால் சரி என்று எடுத்துக்கொள்ளும். படித்துக்கொண்டிருக்கும்போது உள்ளங்கை அந்த மூலையில் படிந்திருந்தாலே இது நடக்கும். பொத்தானை அணைத்தேன். அந்த நொடியே நோட்பேடில் எழுத்துகள் வழக்கம்போல விழுந்தன. அதற்குள்ளேயே, ஷிப்ட்டைப் பிடித்து இதைப் போடும் குறுக்குவழிக்கென்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதையும் அணைத்தேன்.

அந்த வசதியைக் குறை சொல்லவில்லை. கை நடுக்கம் உள்ளவர்கள் தெரியாமல் தொட்டுவிடும் கீகளைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்காகச் செய்தது அது, அவர்களுக்கு அது இல்லாமல் தட்டச்சு செய்வதே பாடு. தேவைப்படாதவர் கணினியில் தெரியாமல் போடப்பட்டுவிட்டால்தான் இப்படிக் குழப்பும். அந்த மடிக்கணினியை அப்படிப்பட்ட ஒருவரும் பயன்படுத்துகிறார் என்றால் குறுக்குவழியை அணைக்கும் முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்கேப் சரியாகிவிட்டது. எஃப்11 மட்டும் இன்னும் வெளிச்சத்தைத்தான் மாற்றியது. இது வேறு காரணம், அதனால்தான் ஆரம்பத்தில் அறிகுறிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மற்ற எல்லாக் கீகளும் தாமதித்தபோது வெளிச்சம் மட்டும் தட்டியவுடன் மாறியது. பல மடிக்கணினிகளில் வெளிச்சக் கீ மற்ற எழுத்துகள் போகும் வழியில் போவதில்லை. கணினியின் அடிநிலை மென்பொருளே அதைப் பார்த்துக்கொள்ளும், ஃபில்டர் கீஸ் அதைத் தொடாது. நான் அழுத்திக்கொண்டிருந்தது எஃப்11 என்றே குரோமுக்குத் தெரியாது. ஆல்ட்+எஃப்4-உம் இதனால்தான் எடுபடவில்லை, எஃப்4-க்கும் அதே கதை.

எஃப்என் கீயைப் பிடித்துக்கொண்டு எஃப்11 அழுத்தினேன், முழுத்திரை வந்தது, மறுபடி அழுத்தினேன், போனது. எப்போதும் எஃப்என் பிடிக்காமல் வேலை செய்ய வேண்டுமென்றால் எஃப்என் பூட்டைப் போட வேண்டும். பல மடிக்கணினிகளில் எஃப்என்+எஸ்கேப் அந்த வேலையைச் செய்யும். எஸ்கேப் கீயின் மேல் சின்னப் பூட்டுப் படம் அச்சடித்திருந்தால் அதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். அந்தப் படம் இல்லாதவற்றில் பயாஸுக்குள், அதாவது அந்த அடிநிலை மென்பொருளின் அமைப்புக்குள் போய் மேல்வரிசைக் கீகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற வரியை மாற்ற வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கீபோர்டு முழுதாக இறந்துபோன ஒரு கணினியில் இதே நிலை வந்தால் என்ன என்ற கேள்வி மனதில் நின்றது. அதனால் அதே மடிக்கணினியில், கீபோர்டைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டு, விதவிதமான முழுத்திரைகளுக்குள் போய் வெளியே வரப் பார்த்தேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, முழுத்திரை என்று நாம் சொல்வது ஒரே விஷயம் இல்லை. நாம் எஃப்11 அழுத்தி வரவழைப்பது பிரவுசரின் முழுத்திரை. எஸ்கேப்பைத் தட்டுவது அதற்குப் பொருட்டில்லை, மறுபடி எஃப்11 அழுத்த வேண்டும். வீடியோவின் மூலையில் இருக்கும் சதுரத்தைச் சொடுக்கினால் வருவது பக்கம் கேட்டு வாங்கிய முழுத்திரை. அதற்கு எஸ்கேப் போதும். எது எது என்று தெரியாமல் தப்பான கீயைத் தட்டிக்கொண்டிருந்தால், எந்தப் பழுதும் இல்லாத கீபோர்டுகூடப் பழுதானதுபோல் தோன்றும். இந்த மடிக்கணினியில் ஆரம்பத்திலேயே எஸ்கேப் நன்றாக வேலை செய்திருந்தாலும் அதைத் தட்டுவது வெளியே கொண்டுவந்திருக்காது. யார் திரையை எடுத்துக்கொண்டார் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

வீடியோக்களில் சிரமமே இல்லை. படத்தின் மேல் இரட்டைச்சொடுக்கு, அவ்வளவுதான். வீடியோ ஓட்டும் நிரலான விஎல்சியிலும் அதே. மவுஸை அசைத்தால் கீழே வரும் பட்டையிலும் வெளியேறும் பட்டன் இருக்கும்.

பவர்பாயிண்டில் வலச்சொடுக்கு செய்தால் காட்சியை முடிக்கும் வரி வரும். ஆனால் காட்சியின் அமைப்பில் கியாஸ்க் வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால் சொடுக்கும் எடுபடாது, வலச்சொடுக்கும் எடுபடாது. எஸ்கேப் மட்டும்தான். கண்காட்சியில் ஆளில்லாமல் ஓடுவதற்காக அந்த வகை. எஸ்கேப் இல்லாமல் அதிலிருந்து எப்படி வந்தேன் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

பிடிஎஃப்தான் அதிகம் யோசிக்க வைத்தது. அடோபி ரீடரின் விருப்பங்களில் முழுத்திரைக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. எஸ்கேப் அழுத்தினால் வெளியேறலாம் என்பதே அங்கே ஒரு தேர்வுப் பெட்டிதான். யாராவது அந்த டிக்கை எடுத்துவிட்டிருந்தால், நல்ல கீபோர்டில்கூட எஸ்கேப் கேட்காது. கண்ட்ரோல்+எல் அழுத்தினால்தான் வரும். வலச்சொடுக்கு செய்தால் பட்டியல் வரும் என்று எதிர்பார்ப்போம், அதற்குப் பதிலாக முந்தைய பக்கத்துக்குப் போகும். சில பிடிஎஃப்கள் திறக்கும்போதே முழுத்திரையில் திறக்கும்படி செய்யப்பட்டவை. அதனால் நாமாக எதுவும் செய்யாமலே உள்ளே போய்விடுவோம். அதே விருப்பப் பக்கத்தில் வழிகாட்டிப் பட்டையைக் காட்டச் சொல்லி ஒரு டிக் போட்டால், இடது கீழ் மூலையில் சின்னதாக மூன்று பட்டன்கள் வரும், அதில் ஒன்று வெளியேறுவதற்கு. இரண்டையும் போட்டுவைத்தேன். பிடிஎஃப்பில் பாடம் எடுக்கிறவர்கள் இதை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

தொலைவிலிருக்கும் கணினியோடு இணைக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில் குழப்பம் வேறு மாதிரி. நாம் அழுத்தும் விண்டோஸ் கீயும் ஆல்ட்+டேபும் அந்தப் பக்கத்துக் கணினிக்குப் போய்விடுகின்றன, நம் கணினிக்குக் கேட்பதில்லை. கீபோர்டு சரியாகத்தான் இருக்கிறது, கேட்பது வேறு கணினி. அம்பை மேல் விளிம்பின் நடுவுக்குக் கொண்டுபோனால் இணைப்புப் பட்டை இறங்கும், அதன் வலது ஓரத்தில் சாளரத்தைச் சுருக்கும் பட்டன் உண்டு. கீபோர்டில் செய்ய வேண்டுமென்றால் கண்ட்ரோல்+ஆல்ட்+பிரேக். பல மடிக்கணினிகளில் பிரேக் கீயே கிடையாது என்பதால் மேல்பட்டையை நினைவில் வைத்துக்கொள்வதே வசதி. அந்த இணைப்பை முடித்தபின் ஷிப்டோ கண்ட்ரோலோ அழுத்தப்பட்டபடியே இருப்பதாக நம் கணினி நினைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது எஃப்11 அழுத்தினால் ஷிப்ட்+எஃப்11 ஆகிவிடும், ஒன்றும் நடக்காது. இரு பக்கத்து ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் கீகளை ஒவ்வொன்றாகத் தட்டி விட்டால் தெளிந்துவிடும். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் மெல்லிய பட்டை பெரும்பாலும் கீழ் விளிம்பிலிருந்து எழும், அங்கே மேலே தேடினால் கிடைக்காது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வழி கிடைத்தது, டச்பேடு. மூன்று விரலை வைத்து மேலே தள்ளினால் திறந்திருக்கும் எல்லாச் சாளரங்களும் சிறிதாகப் பரப்பி வைக்கப்படும். ஒவ்வொன்றின் மூலையிலும் பெருக்கல் குறி இருக்கும். மூன்று விரலைக் கீழே இழுத்தால் டெஸ்க்டாப் வரும். இந்தச் சைகைகளை வாங்கிக்கொள்வது விண்டோஸ், முழுத்திரையில் நிற்கும் நிரல் குறுக்கே வருவதில்லை. பவர்பாயிண்ட் கியாஸ்க் காட்சியை இப்படித்தான் மூடினேன். டச்பேடு அமைப்பில் சைகைகளை அணைத்து வைத்திருப்பவர்கள் அதைத் திரும்பப் போட்டுவைக்கலாம்.

டெஸ்க்டாப்புக்கு வந்த பிறகு திரைக் கீபோர்டையும் திறந்துகொள்ளலாம். ஃபில்டர் கீஸ் இருந்த அதே செட்டிங்ஸ் பக்கத்தில் அதுவும் இருக்கிறது. திறந்தவுடன் எஃப்11 கண்ணில் படாது, அதிலுள்ள எஃப்என்னைச் சொடுக்கினால்தான் எண் வரிசை எஃப்1 முதல் எஃப்12 வரை மாறும். இதன் சிறப்பு, அதைச் சொடுக்கும்போது கவனம் அதன் பக்கம் மாறாது, கீ நேராக முழுத்திரை நிரலுக்கே போகும். இதை டாஸ்க்பாரில் பின் செய்து வைத்துவிட்டேன். கீபோர்டு இறந்துவிட்ட கணினியில் கடவுச்சொல் தட்டுவதற்கும் இதுவே கைகொடுக்கும். உள்நுழையும் திரையின் கீழ் மூலையில் மனித உருவம் போன்ற ஐகானில் அது இருக்கிறது.

கீபோர்டு ஓரளவாவது வேலை செய்கிறது, நிரல்தான் முரண்டு பிடிக்கிறது என்றால் கண்ட்ரோல்+ஆல்ட்+டெலிட். விண்டோஸில் இந்த மூன்று கீக் கூட்டு தனி வகை. எந்த நிரலும் இதை நடுவில் பிடித்து விழுங்க முடியாதபடி இயங்குதளமே நேராக வாங்கிக்கொள்கிறது. அதிலிருந்து, ஓடும் நிரல்களைக் காட்டி நிறுத்தவும் விடும் டாஸ்க் மேனேஜருக்குப் போகலாம். டாஸ்க் மேனேஜர் திறந்தும் முழுத்திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதாகச் சிலர் சொல்வார்கள். அதன் செட்டிங்ஸில் எப்போதும் மேலே நிற்கும்படி வைக்க ஒரு டிக் உண்டு. பிரச்சினை இல்லாத நாளிலேயே அதைப் போட்டுவிடுங்கள்.

குரோம் சில கணினிகளில் கியாஸ்க் முறையில் திறக்கும். அதில் எஃப்11-உம் கிடையாது, மேலே பெருக்கல் குறியும் இறங்காது. ஆல்ட்+எஃப்4 மட்டும். இப்படி ஒவ்வொரு முறையும் திறந்தால், குரோமைத் திறக்கும் ஷார்ட்கட்டில் வலச்சொடுக்கு செய்து பிராப்பர்டீஸில் டார்கெட் வரியின் கடைசியைப் பாருங்கள். இரண்டு சிறு கோடுகளோடு கியாஸ்க் என்ற சொல் ஒட்டியிருக்கும். அதை எடுத்துவிட்டால் தீர்ந்தது. சொந்தக் கணினிக்குத்தான் இது. பொது இடத்தில் வைத்திருக்கும் கணினியில் அதை வைத்தவர் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்.

இனி நான் மிகவும் கவலைப்படும் ஒரு வகை. ஏதோ ஒரு இணைப்பைச் சொடுக்கியதும் திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள் என்று அலறும் ஒலி, அம்பும் காணாமல் போயிருக்கும். எஸ்கேப்பைத் தட்டினால் போகாது. வயதானவர்கள் இதில் பயந்துதான் அந்த எண்ணுக்கு அழைக்கிறார்கள். அது வெறும் வலைப்பக்கம். முழுத்திரை கேட்டு வாங்கும் அதே வசதியை வைத்து விண்டோஸின் திரைபோல வரைந்து காட்டுகிறார்கள்.

எஸ்கேப் ஏன் கேட்கவில்லை என்பதற்கு விளக்கம் இருக்கிறது. முழுத்திரை விளையாட்டுகளுக்கும் தொலைக் கணினி இணைப்புகளுக்கும் பயன்படட்டும் என்று, கீகளைப் பக்கமே பிடித்துக்கொள்ளும் வசதி 2018-இல் குரோமில் வந்தது. எஸ்கேப்பையும் அதனால் பிடிக்க முடியும். ஆனால் தட்டுவதை மட்டும்தான் பிடிக்க முடியும். எஸ்கேப்பை ஓரிரு விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தால் பிரவுசர் கட்டாயம் முழுத்திரையை விலக்கும், அதைத் தடுக்கப் பக்கத்துக்கு வழியில்லை. எட்ஜிலும் இப்படியே. ஆகவே தட்டாதீர்கள், பிடியுங்கள். அதுவும் முடியவில்லையென்றால் கண்ட்ரோல்+ஆல்ட்+டெலிட் வழியாக டாஸ்க் மேனேஜர் போய் பிரவுசரை முடித்துவிடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதே பக்கம் மறுபடி வந்து நிற்கும். அந்த எண்ணுக்கு எந்தக் காரணம் கொண்டும் அழைக்க வேண்டாம். அவர்கள் சொல்லும் எதையும் நிறுவவும் வேண்டாம்.

மேக் பற்றிச் சுருக்கமாக. அம்பை மேலே கொண்டுபோனால் மெனு இறங்கும், இடது மூலையில் பச்சைப் பட்டன். மூன்று விரலை மேலே தள்ளி, திறந்திருக்கும் சாளரங்களைப் பரப்பிக் காட்டும் மிஷன் கண்ட்ரோலுக்குப் போனால், மேலே வரிசையாகத் தெரியும் சிறுபடத்தின் மேல் அம்பை வைத்து அங்கிருந்தே முழுத்திரையை விலக்கலாம். நிரல் உறைந்தால் ஆப்பிள் மெனுவில், நிரலைக் கட்டாயமாக மூடும் ஃபோர்ஸ் குவிட் மவுஸுக்கே எட்டும். லினக்ஸில் எதற்கும் அசையாவிட்டால் கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், உள்நுழைந்து, நிரலை நிறுத்தலாம். மடிக்கணினியில் இதற்கும் எஃப்என் பிடிக்க வேண்டியிருக்கலாம்.

அந்த மடிக்கணினி இப்போது இருக்கும் நிலை: ஃபில்டர் கீஸும் அதன் குறுக்குவழியும் அணைந்திருக்கின்றன, எஃப்என் பூட்டு போட்டிருக்கிறது, டாஸ்க் மேனேஜர் எப்போதும் மேலே நிற்கும்படி வைத்தாயிற்று, திரைக் கீபோர்டு டாஸ்க்பாரில் இருக்கிறது. மறுதொடக்கம் செய்து எல்லாவற்றையும் சரிபார்த்தேன், எதுவும் மாறவில்லை. படிவத்தின் மீதிப் பகுதியை நிரப்பி அனுப்பியாயிற்று.